பயணச்சீட்டில் உள்ள நேரம் யாரைக் கட்டும்? வன்னியிலிருந்து விமானம் ஏறுவோருக்கு ஒரு விளக்கம்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. விமானம் இரவு 8.20க்கு. கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தது 7.35க்கு. முக்கால் மணித்தியாலம் மிச்சம் இருந்தும் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை, நேரத்துக்கே போய்க் காத்திருந்தால், விமானம் ஐந்து மணித்தியாலம் பிந்திப் புறப்படுகிறது. ஒரு பணிசும் தேத்தண்ணீரும் தந்ததோடு கதை முடிந்தது. பயணி கொஞ்சம் பிந்தினால் முழுக் காசும் போகிறது, நிறுவனம் அரை இரவு பிந்தினால் அதற்கு ஒன்றும் இல்லை. இது என்ன நியாயம்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. விடையில் ஒரு பங்கு விமானம் இயங்கும் முறையில் இருக்கிறது, மற்றப் பங்கு சட்டத்தில். முதலாவது பங்கில் பயணி விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அங்கே கவுண்டரில் இருப்பவருக்கும் வேறு வழி இல்லை. இரண்டாவதில் நிலைமை வேறு. நிறுவனத்தின் சுணக்கத்துக்கும் விலை உண்டு. ஆனால் அந்த விலையைப் பெறுவதற்குத் தேவையான பற்றுச்சீட்டும் எழுத்தும் நம்மவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பதில்லை. வன்னியிலிருந்து போகும் ஒருவர் விமானச் சீட்டுக்கு வெளியே செய்யும் செலவு, அதாவது வான் கூலி, நீர்கொழும்பில் ஓர் இரவு அறை, கூட வந்தவர்களின் சாப்பாடு, கொழும்பில் இருக்கும் ஒருவரின் செலவைவிடப் பல மடங்கு. ஆகவே இந்த விடயம் மற்ற எவரையும் விட நமக்குத்தான் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விமானத்துக்கு எத்தனை நேரங்கள்

பயணச்சீட்டில் அச்சாகும் நேரத்தை விமானம் வானில் எழும் நேரம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விமானத் துறையில் அந்த நேரத்துக்குப் பொருள் வேறு: சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை எடுத்துவிட்டு, விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் நேரம் அது. அதற்குள் பொதிகள் ஏறி, ஆட்கள் இருந்து, கதவு மூடி, ஏணியோ பாலமோ விலகி, எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பயணிக்குரிய நேரங்கள் வரும்.

1. செக்-இன் தொடங்கும் நேரம். வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக மூன்று மணித்தியாலம் முன்பு.

2. செக்-இன் மூடும் நேரம். பல நிறுவனங்களுக்கு 60 நிமிடம் முன்பு. சிலவற்றுக்கு 75 அல்லது 90 நிமிடம். பயணிக்கு உண்மையான கெடு இதுதான். மேலே சொன்ன 8.20 விமானத்துக்கு இது 7.20. 7.35க்குப் போனவர் முக்கால் மணித்தியாலம் முந்தவில்லை, கால் மணித்தியாலம் பிந்தியிருக்கிறார்.

3. கேற்றில் ஏற்றத் தொடங்கும் நேரம். போடிங் பாஸில் தனியாக அச்சாகியிருக்கும். புறப்பாட்டு நேரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

4. கேற் மூடும் நேரம். 15 முதல் 30 நிமிடம் முன்பு. கட்டுநாயக்கவில் கேற்றுக்குப் பக்கத்திலும் பாதுகாப்புச் சோதனை இருப்பதால், கடையில் நின்று கடைசி நேரத்தில் ஓடி வருவது சரிவராது.

வீட்டிலிருந்தே கைபேசியில் செக்-இன் செய்துவிட்டோம், ஆகவே இரண்டாவது நேரம் நமக்கு இல்லை என்றும் சிலர் நினைக்கிறார்கள். பொதி கொடுக்க இருந்தாலோ, விசாவையும் கடவுச்சீட்டையும் கவுண்டரில் பார்க்க வேண்டியிருந்தாலோ அதே கெடு அப்படியே பொருந்தும். நம்மவர்களில் பொதி இல்லாமல் பயணம் போகிறவர் எத்தனை பேர்?

வந்து சேரும் நேரத்துக்கும் ஒரு வரையறை உண்டு. சக்கரம் நிலத்தைத் தொட்டதும் சேர்ந்துவிட்டதாக நிறுவனங்கள் காட்டப் பார்த்தன. ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்க அனுமதிக்கப்படும் நேரமே சேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 இல் தீர்த்துச் சொன்னது. ஐரோப்பிய விதியில் நட்டஈடு மூன்று மணித்தியாலச் சுணக்கத்தில் தொடங்குகிறது. ஆகவே ஓடுபாதையிலிருந்து தரிப்பிடம் வரை ஊர்ந்து வரும் பத்து நிமிடம் நட்டஈடு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

நள்ளிரவும் திகதியும்

வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கட்டுநாயக்கவிலிருந்து போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியவை. 12 ஆம் திகதி 00.45 என்று இருந்தால், வீட்டிலிருந்து புறப்பட வேண்டியது 11 ஆம் திகதி மதியத்துக்கு முன்பு. 12 ஆம் திகதி இரவு என்று எண்ணி ஒரு நாள் முழுவதும் பிந்திப் போனவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பிழைக்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை. சீட்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டிலிருந்து புறப்படும் திகதியையும் கிழமையையும் அதன் மேல் பேனையால் எழுதிவைப்பது.

நேரம் யாருடைய கடிகாரப்படி என்ற கேள்வி வன்னிக்குப் பழக்கமானது. 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி மாற்றியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் அந்தப் பத்து ஆண்டுகளும் பழைய நேரமே நடந்தது. இரு பகுதிக்கும் இடையிலான சாவடி இருந்த ஓமந்தையில் வாகனம் மாறியவர்கள் கடிகாரத்தையும் மாற்றினார்கள். விமானத் துறையில் விதி ஒன்றுதான்: புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும். பரிசுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணித்தியால இடைவெளி, கோடையில் மூன்றரை. அங்கிருந்து வருகிறவரைக் கூட்டிவரப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு மணித்தியாலம் முன்பே ஏன் மூடுகிறார்கள்

முக்கால் மணித்தியாலம் இருந்தும் ஒரு ஆளை ஏற்ற முடியாதா என்ற ஆத்திரம் விளங்கக்கூடியது. ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நடப்பவை இவை.

1. எடைக் கணக்கு. எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு பொதி, எந்த அறையில், எவ்வளவு எரிபொருள் என்பதை வைத்து விமானத்தின் மொத்த எடையையும் அதன் சமநிலைப் புள்ளியையும் கணக்கிட்டு ஒரு தாள் தயாராகும். விமானி அதைப் பார்த்துத்தான் எழும் வேகத்தைத் தீர்மானிக்கிறார். மூடிய கணக்கைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2. பொதியும் ஆளும். 1985 இல் ஏர் இந்தியா 182 விமானமும் 1988 இல் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பி மேலே பான் ஆம் 103 விமானமும் குண்டால் சிதறின. இரண்டிலும் ஆள் ஏறாமல் பொதி மட்டும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு, ஏறாத பயணியின் பொதியை இறக்காமல் விமானம் நகரக் கூடாது என்பது உலக வழக்கமாயிற்று. நூற்றுக்கணக்கான பொதிகளுக்குள் இரண்டைத் தேடி இறக்க நேரம் பிடிக்கும். செக்-இன் செய்துவிட்டு கேற்றுக்கு வராத ஒருவர் மற்ற எல்லோரையும் பிந்தச் செய்கிறார்.

3. பெயர்ப் பட்டியல். பல நாடுகள் விமானம் புறப்படும் முன்பே பயணிகளின் கடவுச்சீட்டு விவரங்களைக் கேட்கின்றன.

4. ஓடுபாதையும் வான்வழியும். கட்டுநாயக்கவில் ஓடுபாதை ஒன்றுதான். ஒதுக்கிய நேரத்தை ஒரு விமானம் தவறவிட்டால் அடுத்த இடம் கிடைக்கும் வரை நிற்க வேண்டும். லண்டன் போன்ற நெரிசலான நிலையங்களில் இறங்கும் முறையும் அதோடு தள்ளிப்போகும்.

5. பணியாளர் வேலை நேரம். விமானியும் பணிப்பெண்களும் ஒரு நாளில் இத்தனை மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் உண்டு. சிறு சுணக்கம் அந்த எல்லையைத் தாண்டச் செய்தால் முழுப் பயணமும் நின்றுவிடும். 2025 டிசெம்பர் தொடக்கத்தில் இந்தியாவின் இண்டிகோ நிறுவனம் ஆயிரக்கணக்கான சேவைகளை நிறுத்த நேர்ந்ததற்குப் பெருங்காரணம், விமானிகளின் புதிய ஓய்வு விதிகளுக்கு ஏற்ப அது ஆட்களை ஒழுங்கு செய்யாமல் இருந்ததே.

ஆகவே மூடிய கவுண்டரில் மன்றாடுவதில் பயன் இல்லை. மூடும் நேரத்துக்கு முன்பே வரிசையில் நின்றும் நிறுவனத்தின் ஆள் பற்றாக்குறையால் கெடு தவறினால் நிலைமை மாறும். அந்தத் தவறு பயணியுடையது ஆகாது. வரிசை நீளமாக இருந்தால் நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள், வரிசையை ஒழுங்குபடுத்துபவரிடம் விமான இலக்கத்தைச் சொல்லி முன்னே விடச் சொல்லிக் கேளுங்கள்.

விமானத்தைத் தவறவிட்டவருக்கு என்ன மிச்சம்

நிறுவனத்தின் கண்ணில் அவர் 'வராதவர்'. அதன் விளைவுகள் சீட்டின் விலையை விடப் பெரியதாகலாம்.

போய் வரும் சீட்டில் போகும் பகுதியைப் பயன்படுத்தாவிட்டால் திரும்பி வரும் பகுதியும் பெரும்பாலும் இரத்தாகும். இடையில் மாறும் சீட்டில் முதல் விமானம் தவறினால் அடுத்ததும் போகும். அன்றே நிறுவனத்தோடு தொடர்பு கொண்டு, தண்டம் கட்டி அடுத்த விமானத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்பதுதான் வழி. விமானம் புறப்படும் முன்பே, பாதையில் நின்றபடியே அழைத்துச் சொன்னால் பல சீட்டுகளில் தண்டம் குறையும். சீட்டுக் காசு திரும்பாவிட்டாலும், பயணம் நடக்காததால் அரசுக்குச் செலுத்தப்படாத விமான நிலைய வரிகளைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேட்கலாம். கேட்காதவருக்கு எவரும் தருவதில்லை.

நேரத்துக்குப் போயும் ஏற முடியாமல் போவதற்கு இன்னொரு காரணம் ஆவணம். வேலைக்குப் போகிறவர்கள் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் குறை இருந்தால் விமான நிலையத்தில் தடைப்படும், அந்த இழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல. பதிவை முடித்துத் தருவதாகச் சொன்ன முகவர்தான் பொறுப்பு. அவரிடம் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு இருந்தால்.

நாள் வருமுன்பே நேரம் மாறினால்

அட்டவணை நேரம் மாறாத வாக்குறுதி என்று எந்த நிறுவனமும் எழுதித் தருவதில்லை. 2017 சனவரி தொடங்கி ஏப்ரல் வரை கட்டுநாயக்க ஓடுபாதையைப் புனரமைக்கப் பகலில் எட்டு மணித்தியாலம் மூடியபோது ஏராளமான விமானங்களின் நேரம் மாறியது. இப்படியான மாற்றங்களை நிறுவனம் அறிவிக்கும். யாருக்கு அறிவிக்கும் என்பதில்தான் வன்னிப் பயணிக்குச் சிக்கல்.

சீட்டைக் கிளிநொச்சி ஏஜென்சி ஒன்று போட்டிருக்கும், அல்லது கனடாவில் இருக்கும் அண்ணன் தன் கடன் அட்டையில் எடுத்து அனுப்பியிருப்பார். பதிவில் இருப்பது ஏஜென்சியின் மின்னஞ்சல், அல்லது அண்ணனின் கைபேசி இலக்கம். செய்தி அங்கே போய் நிற்கும். அவர் வேலையில் இருப்பார், பார்க்க மாட்டார். இங்கே தங்கச்சி பழைய நேரத்தை நம்பி வான் பேசியிருப்பார். நிறுவனமோ தன் பதிவில் இருந்த முகவரிக்கு அறிவித்துவிட்டதாகச் சொல்லும். இந்திய விதியில் இது நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது: தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு நட்டஈடு இல்லை.

பரிகாரம் எளிது. சீட்டில் ஆறு எழுத்து, இலக்கம் கொண்ட பதிவுக் குறியீடு ஒன்று இருக்கும், பீஎன்ஆர் என்பார்கள். அதைக் கொண்டு நிறுவனத்தின் இணையத்தளத்தில் நுழைந்து, பயணியின் சொந்தக் கைபேசி இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். முதல் நாள் காலையும், வான் ஏறுமுன்பும் ஒருதரம் நேரத்தைப் பாருங்கள்.

நேரத்தைப் பின்தள்ளுவது போலவே முன்னுக்கு இழுப்பதும் நடக்கும். பயணிக்கு இது கூடுதல் ஆபத்து. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் முன்னுக்கு இழுத்தால் அந்த விமானம் இரத்தானதற்குச் சமம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. இலங்கையிலிருந்து புறப்படும்போது அந்தத் தீர்ப்பு அப்படியே உதவாது. ஆனாலும் பெரிய மாற்றம் என்றால், வேறு நாளுக்குத் தண்டம் இல்லாமல் மாற்றவோ காசைத் திரும்பப் பெறவோ நிறுவனங்களின் சொந்த நிபந்தனைகளே பெரும்பாலும் இடம் தருகின்றன.

விமானம் பிந்தினால்: எந்தச் சட்டம் நமக்கு

இங்கேதான் குழப்பம் கூட. ஒரே நிறுவனத்தில் ஒரே சுணக்கத்துக்கு ஒரு திசையில் 600 யூரோ கிடைக்கும், மறு திசையில் அது கிடைக்காது. சட்டங்களை அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும்.

முதல் அடுக்கு, மொன்றியல் சமவாயம். 1999 இல் உருவான இந்தப் பன்னாட்டு உடன்படிக்கை 2019 முதல் இலங்கைக்கும் பொருந்துகிறது. நம்மவர் அதிகம் போகும் கட்டார், சவூதி, குவைத், ஐக்கிய அரபு அமீரகம், இந்தியா, கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாம் இதில் அங்கம். இதன் 19 ஆவது உறுப்புரை சொல்வது: சுணக்கத்தால் பயணிக்கு ஏற்பட்ட இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு, நியாயமாக எடுக்கக்கூடிய எல்லா நடவடிக்கையையும் எடுத்தோம், அல்லது எடுக்கவே முடியாத நிலை என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டும் பொறுப்பு நீங்கும். நிரூபிக்க வேண்டியது நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். ஒரு பயணிக்கு உச்ச எல்லை 2024 டிசெம்பர் 28 முதல் 6,303 'சிறப்பு எடுப்பு உரிமை'. இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அந்தத் தொகை 8,000 அமெரிக்க டொலருக்கு மேல் வரும்.

அது உச்ச எல்லை மட்டுமே. பிந்திய ஒவ்வொருவருக்கும் அந்தத் தொகையைத் தருவார்கள் என்று சமூக ஊடகங்களில் வலம்வரும் கதை பிழை. எவ்வளவு இழப்பு என்று காட்டுகிறீர்களோ அவ்வளவுதான். அலைச்சலுக்கும் மனவருத்தத்துக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. அறை வாடகை, சாப்பாடு, இரண்டாம் முறை பேச வேண்டிவந்த வான், இவற்றுக்குக் கேட்கலாம், பற்றுச்சீட்டு இருந்தால். வான்காரருக்குக் கையில் காசைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நம் வழக்கம். வாகன இலக்கம், திகதி, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினால் அதுவே சான்று. வங்கி மூலம் அனுப்பினால் இன்னும் நல்லது.

இரண்டாம் அடுக்கு, புறப்படும் நாட்டின் சட்டம்.

1. ஐரோப்பிய ஒன்றியம். 261/2004 ஒழுங்குவிதி. ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நாட்டு விமானத்துக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும்போது ஒன்றியத்து நிறுவனங்களுக்கு மட்டும். 3,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் இரத்தானாலோ, மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்ந்தாலோ 600 யூரோ வரை. இழப்பைக் காட்டத் தேவை இல்லை, சுணக்கமே போதும்.

ஆக, பரிசிலிருந்து இலங்கை நிறுவனம் ஒன்றின் விமானத்தில் கொழும்புக்கு வரும் மாமா ஐந்து மணித்தியாலம் பிந்தி வந்தால் இந்த உரிமை அவருக்கு உண்டு. அதே மாமா அதே நிறுவனத்தில் கட்டுநாயக்கவிலிருந்து பரிசுக்குத் திரும்பும்போது அதே ஐந்து மணித்தியாலம் பிந்தினால் இந்த விதி இல்லை, மொன்றியல் மட்டும்தான். டோகா வழியாகவோ டுபாய் வழியாகவோ மாறி வந்தாலும், ஒரே பதிவில் எடுத்த சீட்டாக இருந்தால், பரிசில் புறப்பட்ட முழுப் பயணமும் ஒன்றாகக் கணக்கிடப்படும். கொழும்பில் எத்தனை மணிக்கு இறங்கினார் என்பதே கேள்வி.

2. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்பும் இதே விதியைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. நீண்ட தூரத்துக்கு 520 பவுண் வரை. சுவிஸும் ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி இதைப் பின்பற்றுகிறது.

3. கனடா. 2019 இல் வந்த விதிகள் கனடாவுக்குப் போகும், கனடாவிலிருந்து வரும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்த, பாதுகாப்போடு தொடர்பில்லாத காரணமாக இருந்தால், பெரிய நிறுவனங்கள் மூன்று மணித்தியாலத்துக்கு 400, ஆறுக்கு 700, ஒன்பதுக்கு 1,000 கனடிய டொலர் தர வேண்டும். கேட்பதற்கு ஒரு வருட அவகாசம்.

4. இந்தியா. பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது முக்கியம். சுணக்கத்துக்குத் தனியாகக் காசு இல்லை. குறுகிய பயணங்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் சாப்பாடும் குடிபானமும். நீண்ட சுணக்கத்துக்கு மாற்று விமானம் அல்லது காசு. ஓர் இரவு கழிந்தால் தங்குமிடம். முன்னறிவிப்பின்றி இரத்துச் செய்தால், ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் வரையான பறப்புக்கு 7,500 இந்திய ரூபா அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும், இவற்றில் எது குறைவோ அது.

இலங்கையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் ஒரு தொழிலாளிக்கு மேற்சொன்ன இரண்டாம் அடுக்கில் ஒன்றும் பயன்படாது. அவருக்குப் பெரும்பாலும் இருப்பது மொன்றியல் சமவாயமும் நிறுவனத்தின் நிபந்தனைகளும். நம் நாட்டிலிருந்து பறக்கிறவர்களில் பெரும் தொகையினர் அவர்கள். மிகக் குறைந்த பாதுகாப்பும் அவர்களுக்குத்தான். இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

'அசாதாரண சூழ்நிலை' என்ற சொல்

நட்டஈடு கேட்டால் முதலில் வரும் பதில் இது. புயல், எரிமலைச் சாம்பல், வான்பரப்பு மூடல் ஆகியவை உண்மையிலேயே நிறுவனத்தின் கையை மீறியவை. 2025 யூன் 23 இரவு கட்டார் தன் வான்பரப்பை மூடியபோது டோகா வழியாகப் போக இருந்தவர்கள் எத்தனையோ நாட்டு விமான நிலையங்களில் சிக்கினார்கள். அதற்கு நட்டஈட்டுத் தொகை கிடையாது. இயந்திரக் கோளாறு பெரும்பாலும் இந்த வகைக்குள் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008 இலேயே சொல்லிவிட்டது. விமானத்தைப் பழுது பார்த்து வைத்திருப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை. சூழ்நிலை எவ்வளவு அசாதாரணமானாலும் சாப்பாடும் தங்குமிடமும் தரும் கடமை நிற்பதில்லை என்பது 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலை ஒட்டிய வழக்கின் தீர்ப்பு.

ஆகவே காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியில் ஒருவர் 'தொழில்நுட்பக் கோளாறு' என்பார், மூன்று மாதம் கழித்து மின்னஞ்சலில் 'காலநிலை' என்று வரும். அன்றே கவுண்டரில் ஒரு கடிதமோ, கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியோ, அறிவிப்புப் பலகையின் படமோ இருந்தால் பின்பு மாற்றிச் சொல்வது கடினம்.

ஏ9 பாதை ஒப்பந்தத்துக்குள் இல்லை

நிறுவனத்தின் கடமை விமான நிலையத்தில் தொடங்குகிறது. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கட்டுநாயக்க 300 கிலோமீற்றருக்கு மேல். வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போகும் பாதையில் வானில் ஆறு, ஏழு மணித்தியாலம் சாதாரணம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் பாதையை மூடினாலும், இரவில் யானை குறுக்கே நின்றாலும், சில்லுக் காற்றுப் போனாலும் அது பயணியின் பொறுப்பு. வெள்ளம் ஒரு நியாயமான காரணம்தானே என்று கவுண்டரில் சொல்லலாம், அவர்கள் இரங்கலாம், சட்டம் கட்டாயப்படுத்தாது.

மேலே சொன்ன 8.20 விமானத்துக்குக் கிளிநொச்சியிலிருந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். கவுண்டர் மூடுவது 7.20. அதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பு, 5.50க்கு, விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும். பாதைக்கு ஏழு மணித்தியாலம் என்றால் காலை 10.50. வழியில் சாப்பிட, இளைப்பாற ஒரு மணித்தியாலம், எதிர்பாராததற்கு இரண்டு. காலை 7.50க்கு வான் நகர வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் புறப்படலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் கணக்கை அவர்களுக்கும் காட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் காலை விமானம் என்றால் முதல் நாளே நீர்கொழும்புக்குப் போய்த் தங்குவது செலவு கூடினாலும் சரியான முடிவு. நிறுவனங்களின் பயணக் காப்புறுதியில் பாதைத் தடையால் விமானம் தவறுவதற்கும் இழப்பீடு உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள், எல்லாவற்றிலும் இல்லை.

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின் வன்னிக்கு ஒரு கிட்டிய வழி வந்தது. கிளிநொச்சியிலிருந்து ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாம். ஆனால் பலாலி–சென்னை ஒரு சீட்டு, சென்னையிலிருந்து லண்டன் வேறொரு சீட்டு என்று தனித்தனியே எடுத்தால், முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறும்போது இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை. பொதியை எடுத்து மறுபடி கொடுக்க இந்தியாவுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசாவும் வேண்டும். இணைப்பை நிறுவனமே பொறுப்பேற்க வேண்டுமானால் இரண்டும் ஒரே பதிவில் இருக்க வேண்டும்.

பிந்தும் விமானத்துக்காகக் காத்திருக்கும்போது

1. அறிவிப்பு வந்தாலும் விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதீர்கள். 'நான்கு மணித்தியாலம் பிந்தும்' என்ற அறிவிப்பு இரண்டாகக் குறையலாம். செக்-இன் மூடும் நேரம் பழையபடியே இருக்கும். விமானம் பிந்துவதால் கவுண்டரும் பிந்தி மூடும் என்று எண்ணித் தவறவிட்டவர்கள் உண்டு.

2. சாப்பாட்டுச் சீட்டும் தங்குமிடமும் கேளுங்கள். தராவிட்டால், தரவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, நியாயமான விலைக்கு வாங்கிப் பற்றுச்சீட்டை வையுங்கள்.

3. போடிங் பாஸை எறியாதீர்கள்.

4. 'எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று எழுதிய தாளில் வவுச்சருக்காகக் கையெழுத்திடாதீர்கள். மொழி விளங்காவிட்டால் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

5. அழைத்துப் போக வேண்டிய முதலாளிக்கும், அடுத்த விமான நிறுவனத்துக்கும் அன்றே செய்தி அனுப்புங்கள். இழப்பைக் குறைக்க முயன்றீர்கள் என்பதற்கு அது சான்று.

முறைப்பாடும் வழக்கும்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில். பதிவுக் குறியீடு, 13 இலக்கச் சீட்டு இலக்கம், திகதி, அட்டவணை நேரம், உண்மையில் சேர்ந்த நேரம், கேட்கும் தொகை, சான்றுகளின் படம். பதில் திருப்தி இல்லாவிட்டால் இலங்கையில் சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கு எழுதலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போகலாம்; அங்கே சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ஏஜென்சி தவறான நேரம் சொன்னது, மாற்றத்தை அறிவிக்கவில்லை போன்றவற்றுக்கு இந்த வழி கூடுதலாகப் பொருந்தும்.

பொதி பிந்தினால் அது கைக்கு வந்து 21 நாளுக்குள், சேதமானால் 7 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த நாட்கள் கடந்தால் மொன்றியல் சமவாயத்தின் கதவு மூடிவிடும். சுணக்கத்துக்கு வழக்குப் போட இரண்டு ஆண்டுகள். விமானம் சேர்ந்த அல்லது சேர வேண்டியிருந்த நாளிலிருந்து எண்ணப்படும்.

எங்கே வழக்குப் போடலாம் என்பதிலும் தெரிவு இருக்கிறது: நிறுவனத்தின் தலைமையிடம் உள்ள நாட்டில், சீட்டை விற்ற அதன் அலுவலகம் உள்ள நாட்டில், அல்லது பயணத்தின் சேருமிடத்தில். போய் வரும் சீட்டுக்குச் சட்டத்தின் கண்ணில் சேருமிடம் திரும்பி வரும் ஊர். கட்டுநாயக்கவிலிருந்து ரியாத் போய்த் திரும்பும் சீட்டு எடுத்தவர் இலங்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். ரொறன்ரோவிலிருந்து வந்து போகும் சீட்டில் வந்த உறவினர் கனடாவில் போடலாம். போகும் வழிச் சீட்டு மட்டும் எடுத்து வேலைக்குப் போகிறவருக்குச் சேருமிடம் அந்த வளைகுடா நாடு. இலங்கையில் நிறுவனத்தின் அலுவலகத்தினூடாகச் சீட்டு வாங்கியதைக் காட்டினால்தான் அவருக்கு இங்கே வழக்கிட இடம் கிடைக்கும். ஆகவே சீட்டு எந்த அலுவலகத்தினூடாக எடுக்கப்பட்டது என்று தெரியும் பற்றுச்சீட்டை அவர் விமானம் ஏறுமுன்பே வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.